யார் செய்த பிழை?

"நான் என்ன பாவம் செஞ்சேன்னு நீங்களாவது சொல்லுங்க சாமி."

தருமபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஓட்டு வீட்டின் திண்ணையில் அமர்ந்து, ஒன்பது மாதப் பெண் குழந்தையை மடியில் கிடத்தியபடி ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. பல ஆண்டுகள் கடந்துவிட்டன. குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் துன்பத்தின் மறைபொருள் பற்றித் தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஆனால் அன்று அந்தத் திண்ணையில் எனக்கு ஒரு வரிகூடக் கைகொடுக்கவில்லை. அன்று சொல்லத் தெரியாமற்போனதை இன்று வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

அக்குழந்தைக்கு ஐந்தாம் மாதத்தில் வாந்தி தொடங்கியது. ஓயாமல் அழுதாள். "உரம் விழுந்திருக்கு" என்றார்கள். துணியில் போட்டு உருட்டி உரம் எடுத்தார்கள். வாந்தி நிற்கவில்லை. உச்சிக்குழி புடைத்தது, தலை பெருத்தது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது வயிற்றின் ஒரு பக்கம் கையில் கட்டி தட்டுப்பட்டது. சிறுநீரில் இரத்தம் தெரிந்தது. பெரிய ஊர் மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தபோது மூளையில் ஒரு கட்டியும் சிறுநீரகத்தில் ஒரு கட்டியும் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்று பரவவில்லை, இரண்டும் தனித்தனியே தோன்றியவை என்று மருத்துவர் விளக்கினார். பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த தந்தை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

ஊரும் உறவும் காரணம் தேடின. "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்" என்றார் ஒருவர். "கிரகணத்தன்னைக்கு வெளியில வந்திருப்பா" என்றார் மற்றொருவர். "யாரு விட்ட சாபமோ" என்று பெருமூச்செறிந்தார் மூன்றாமவர். எல்லா விரல்களும் கடைசியில் அந்தத் தாயை நோக்கியே நீண்டன. அவ்விரல்களுள் ஒன்று அவருடையதாகவும் இருந்தது.

இந்நோயைப் பற்றி மருத்துவம் அறிந்திருப்பதைச் சற்றுக் கேட்போம். குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுகளில் மிகுதியானது வில்ம்ஸ் கட்டி. 1899ஆம் ஆண்டு அதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. காலத்தோடு கண்டறிந்து முறையாகச் சிகிச்சை அளித்தால் பெரும்பாலான குழந்தைகள் அதிலிருந்து பிழைக்கிறார்கள். ஆனால் வில்ம்ஸ் கட்டி என்றே எண்ணப்பட்டவற்றுள் சில, எந்த மருந்துக்கும் பணியாமல் குழந்தைகளைக் கொண்டுசென்றன. 1978இல் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர்கள் அவற்றை வேறு பிரித்துக் காட்டினர். பின்னர் அது தனி நோய் என்று தெளிவாகி 'ராப்டாய்ட் கட்டி' என்று பெயர் பெற்றது. சிறுநீரகத்தில் இக்கட்டி உள்ள சில பச்சிளங் குழந்தைகளுக்கு மூளையிலும் கட்டி தோன்றுவதை மருத்துவர்கள் 1980களில் கவனித்தார்கள். உடலின் இரு மூலைகளில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு உறுப்புகளில், ஒரே நேரத்தில் ஏன் என்பது புதிராகவே இருந்தது.

1998இல் பாரிஸ் நகரின் கியூரி நிறுவன ஆய்வாளர்கள் அப்புதிரை அவிழ்த்தார்கள். நம் உயிரணுக்களில் உள்ள 22ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு இருக்கிறது. 'ஸ்மார்க்-பி1' என்பது அதன் பெயர். எந்த உயிரணு எப்போது வளர வேண்டும், எப்போது வளர்ச்சியை நிறுத்தி முதிர வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் ஏற்பாட்டில் அதற்குப் பங்குண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பிரதிகள் நம்மிடம் உண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும். இரண்டும் ஓர் உயிரணுவில் பழுதானால் அங்கே கட்டி எழும். இத்தகைய இரட்டைப் பழுது பற்றிய கருத்தை, குழந்தைகளின் கண் புற்றை ஆராய்ந்த ஆல்பிரட் நட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1971லேயே முன்வைத்திருந்தார். உடலின் எல்லா உயிரணுக்களிலும் ஒரு பிரதி பழுதாகவே பிறக்கும் குழந்தைக்கு, இரண்டாம் பழுது மூளையிலும் நேரலாம், சிறுநீரகத்திலும் நேரலாம். இரு கட்டிகள் ஒருசேரத் தோன்றுவதன் காரணம் இதுவே.

இந்நோயில் சிந்தனைக்குரிய ஒன்று உண்டு. பெரியவர்களின் புற்றுக்குப் பின்னே பெரும்பாலும் நீண்ட வரலாறு இருக்கும். புகையிலை, மது, முதுமை என அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கான பழுதுகள் சேர்ந்திருக்கும். ராப்டாய்ட் கட்டியிலோ இந்த ஒரு மரபணுவின் பழுதைத் தவிர வேறு பழுதுகள் மிகச் சிலவே. வரலாறே இல்லாத ஒரு புற்று இது. புகைத்ததில்லை, குடித்ததில்லை, ஒரு சொல்லேனும் பேசியதில்லை. 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்னும் பழமொழி இந்தத் தொட்டிலருகே வந்ததும் ஊமையாகிவிடுகிறது.

அன்பு வாசகர்களே, இத்தகைய துன்பத்தின் முன் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

முதல் பதில், இது பாவத்தின் தண்டனை என்பது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் இவருடையதா, இவரைப் பெற்றவர்களுடையதா என்று ஆண்டவரிடம் வினவியதை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் இரண்டையும் மறுக்கிறார். அதற்கு முன்னரே எசேக்கியேல் இறைவாக்கினர், பெற்றோரின் பழியைப் பிள்ளையின் தலையில் சுமத்தும் நீதியைத் தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் கண்டித்தார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் உடன் அமர்ந்திருந்தபோது நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். பிறப்புநிலைப் பாவம் பற்றி நம் திருச்சபையில் மிக ஆழமாக எழுதிய புனித அகுஸ்தினாரே, 415ஆம் ஆண்டு புனித எரோணிமுசுக்கு எழுதிய மடலில், பச்சிளங் குழந்தைகளின் வேதனை என்று வரும்போது தாம் பெரும் இடர்ப்பாட்டுக்குள்ளாவதாக ஒப்புக்கொண்டார். அத்தகைய பேரறிஞர் தயங்கிய இடத்தில், நம் ஊர்த் திண்ணைகளில் தயக்கமே இல்லாமல் தீர்ப்பு வழங்குகிறோம்!

அறிவியலும் இங்கே அந்தத் தாயின் பக்கம் நிற்கிறது. நெருங்கிய உறவில் மணம் புரிவதால் வேறு சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மையே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்நோய் அவ்வகையைச் சேர்ந்ததன்று. ராப்டாய்ட் கட்டி கொண்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கினர் வரை மரபணுப் பழுதோடு பிறக்கிறார்கள். அவர்களிலும் பெரும்பாலோருக்கு அப்பழுது பெற்றோரிடமிருந்து வந்ததில்லை. கருவுருவாகும் வேளையில் புதிதாக நேர்ந்ததே. கிரகணமோ, உண்ட உணவோ, சாபமோ காரணமன்று. அந்தத் தாய் செய்திருக்கக்கூடியதும் தவிர்த்திருக்கக்கூடியதும் எதுவுமில்லை.

இரண்டாம் பதில், இது கடவுள் தரும் சோதனை என்பது. இதன் இனிப்புப் பூசிய வடிவம் ஒன்றும் உண்டு: கடவுள் தம் தோட்டத்திற்கு அழகிய மலரைப் பறித்துக்கொண்டார் என்பது. இதைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனெனில், நான் இளம் குருவாக இருந்தபோது ஒரு குழந்தையின் அடக்கத் திருப்பலி மறையுரையில் இதையே சொன்னேன். பெண்கள் விம்மி அழுதார்கள். நன்றாகப் பேசினேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அக்குழந்தையின் தந்தை அதன்பின் இரண்டு ஆண்டுகள் கோவில் வாசலை மிதிக்கவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, "எம்புள்ளையைப் பறிச்சவரை நான் எப்படி சாமி கும்பிடுறது?" என்று கேட்டார். அவர் நம்பிக்கையை இழந்ததற்குக் காரணம் குழந்தையின் சாவா, என் மறையுரையா என்று இன்றும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

சோதனை என்று சொல்லும்போது யாருக்குச் சோதனை? குழந்தை அதிலிருந்து எந்தப் பாடத்தையும் கற்க இயலாது. பெற்றோருக்குப் பாடம் என்றால், ஒருவருக்குப் பாடம் புகட்ட மற்றொருவரை வதைப்பதாகும். மனிதரை வெறுங் கருவியாக்கலாகாது என்று நாம் போதிக்கும்போது, மனிதர் செய்யலாகாத ஒன்றைக் கடவுள் செய்கிறார் என்று எவ்வாறு சொல்வது? 1880இல் நிறைவுற்ற 'கரமசோவ் சகோதரர்கள்' என்னும் நாவலில் தஸ்தயேவ்ஸ்கி, இவான் என்னும் பாத்திரத்தின் வாயிலாக எழுப்பும் கேள்வியும் இதுவே: ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொடுத்து வாங்கும் இணக்கம் எதற்கு? தஸ்தயேவ்ஸ்கி கடவுளை நம்பியவர். நம்பியதால்தான் அக்கேள்வியை மழுப்பாமல் எழுதினார். பெற்றோர் துன்பத்தில் பக்குவம் அடைவதுண்டு. அதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் விளைந்த பயன் வேறு, அனுப்பிய நோக்கம் வேறு. இடிந்த வீட்டின் கல்லை எடுத்து ஒருவர் புது வீடு கட்டலாம். அதற்காகவே வீடு இடிக்கப்பட்டது என்று சொல்லலாகாது.

மூன்றாம் பதில், இது இயற்கையின் ஒழுங்கில் நேர்வது என்பது. முதற்காரணராகிய கடவுள், படைப்புகளாகிய துணைக்காரணங்கள் வழியே செயல்படுகிறார் என்று அக்குவினோ நகர்ப் புனித தோமையார் கற்பித்தார். தீமைக்குத் தனி உளதன்மை இல்லை, அது இருக்கவேண்டிய ஒரு நன்மையின் இன்மை என்றும் விளக்கினார். உயிரணு பிளந்து தன்னைப் பிரதியெடுப்பதால்தான் கரு வளர்கிறது. மரபணு சிறிது சிறிதாக மாறுவதால்தான் உயிரினங்கள் பலவாகப் பெருகின. அதே பிரதியெடுப்பில்தான் பிழையும் நேர்கிறது. இந்தப் பதில் நேர்மையானது. யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. ஆயினும் இது எவ்வாறு என்பதை விளக்குகிறதேயன்றி, ஏன் இந்தக் குழந்தை என்பதை விளக்குவதில்லை. கடவுள் ஏன் தடுக்கவில்லை என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது.

அது நிற்கட்டும். 2011ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, நிலநடுக்கத்தால் அஞ்சியிருந்த ஜப்பானியச் சிறுமி ஒருத்தி, குழந்தைகள் ஏன் இவ்வளவு துயரப்பட வேண்டும் எனக் கேட்டபோது, நம் காலத்துப் பெரும் இறையியலாளர்களுள் ஒருவரான திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், தமக்கும் அதே கேள்வி உண்டு, விடை நம்மிடம் இல்லை என்றார். குற்றமற்ற இயேசுவும் அவ்வாறே துன்புற்றார் என்பதை மட்டும் நினைவூட்டினார். 2015இல் மணிலாவில் ஒரு சிறுமி இதையே கண்ணீரோடு கேட்டபோது, திருத்தந்தை பிரான்சிஸ் எழுதி வைத்திருந்த உரையை ஒதுக்கிவிட்டு அவளை அணைத்துக்கொண்டார். விடையில்லை என்று ஒப்புக்கொள்வது நம்பிக்கையின் தோல்வி ஆகாது. பொய்யான விடையைவிட அது கடவுளுக்கு நெருக்கமானது.

விடை இல்லாத இடத்திலும் கடமை இருக்கிறது. காரணம் வேறு, குற்றம் வேறு, பொறுப்பு வேறு. இக்குழந்தையின் நோய்க்குக் காரணம் ஒரு மரபணு. குற்றம் யாருடையதும் இல்லை. பொறுப்போ நம் எல்லாருடையது. குற்றவாளி கிடைக்காதபோது நாம் கலைந்து போய்விடுகிறோம், பொறுப்பையும் கைவிட்டுவிடுகிறோம். சென்னையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி வேறுவிதமாக நடந்தார். 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு தொடங்கினார். மறு ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் தாம் இறக்கும்வரை அந்த வளாகத்தைவிட்டு நீங்கவில்லை. அவர்களும் ஏன் என்று கேட்டிருப்பார்கள். விடை கிடைக்கும்வரை காத்திராமல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

மீண்டும் அந்தத் திண்ணைக்கு வருகிறேன். குழந்தைக்குச் சிறுநீரகக் கட்டியை அறுத்து எடுத்தார்கள். கடும் மருந்துகளும் கொடுத்தார்கள். மூளைக் கட்டி மீண்டும் வளர்ந்தது. வளரும் மூளையைக் கதிர்வீச்சு சிதைத்துவிடும் என்பதால் இவ்வயதில் அதைத் தவிர்க்கவே மருத்துவர்கள் முயல்வார்கள். இனிச் செய்யும் எதுவும் வேதனையைக் கூட்டுமேயன்றி வாழ்வைக் கூட்டாது என்று அவர்கள் மென்மையாகச் சொன்னார்கள். பெற்றோர் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடனே உறவினர் ஒருவர், "பணத்துக்குப் பயந்து புள்ளையைக் கொல்றாங்க" என்றார். மற்றொருவரோ, "பொட்டப்புள்ளைக்கு இதுவரைக்கும் செலவு பண்ணினதே அதிகம்" என்றார். தந்தை தனியாக என்னிடம் வந்து, "இது கொலைப்பாவமா சாமி?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு மட்டும் என்னிடம் தெளிவான விடை இருந்தது. "இல்லை" என்றேன். உயிரைக் காக்கப் பொதுவான வழிமுறைகளைக் கையாள நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பயனுக்குப் பொருந்தாத பெருஞ்சுமையை ஏற்கக் கடமைப்படவில்லை. இதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957இல் மருத்துவர்களுக்கு விளக்கினார். 1980இல் வெளிவந்த திருச்சபை அறிக்கையும் இதனை உறுதிசெய்தது. சாவை வருவிப்பது ஒன்று. தடுக்கமுடியாத சாவை ஏற்றுக்கொள்வது வேறொன்று. ஆனால் சிகிச்சையை நிறுத்தலாம், பராமரிப்பை நிறுத்தலாகாது. பால் உண்டு, குளிப்பாட்டல் உண்டு, தாலாட்டு உண்டு, வலிக்கு மருந்தும் உண்டு. குழந்தையின் வலியைத் தணிக்க மார்பின் மருந்தை மருத்துவர் அளந்து தருவதில் எந்தப் பாவமும் இல்லை. வலியைத் தாங்கினால்தான் புண்ணியம் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உண்டு. ஒரு பெரியவர் தம் வலியை மனமுவந்து ஒப்புக்கொடுக்கலாம். மற்றொருவரின் வலியை, அதுவும் ஒரு குழந்தையின் வலியை, ஒப்புக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

"பொட்டப்புள்ளைக்கு" என்ற அந்தச் சொல் மட்டும் என்னை நெடுநாள் சுட்டது. பெண் சிசுவின் உயிரைத் தராசில் வைத்துப் பார்த்த துயரம் நம் மண்ணுக்குரியது. 1992இல் சேலத்தில் அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது என்றால், அதன் தேவை இங்கே இருந்தது என்றுதானே பொருள்? அதே மண்ணில் ஒரு கூலித் தொழிலாளி, பிழைக்காது என்று தெரிந்த பெண் குழந்தைக்காக வேலையை விட்டார். அவர் மனைவி இரவெல்லாம் அவளைத் தோளில் சுமந்து நடந்தார். இவ்வளவு நாள் வாழ்ந்தால்தான் மதிப்பு என்று அவர்கள் கணக்கிடவில்லை. தகடூரை ஆண்ட அதியமான், நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தானே உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான் என்று சங்க இலக்கியம் போற்றுகிறது. அக்கனி இன்று கிடைத்தால் அந்தப் பெற்றோர் யாருக்குக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? கனி கிடைக்கவில்லை. அவர்களிடம் இருந்தது தங்கள் தோளும் தூக்கமும்தான். அவற்றைக் கொடுத்தார்கள்.

குழந்தை முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தாள். நோயில்பூசுதல் பகுத்தறியும் வயதுக்கு வந்தோருக்கே உரிய அருட்சாதனம். ஆனால் சாகும் ஆபத்தில் உள்ள குழந்தைக்குப் பங்குக்குருவே உறுதிபூசுதல் வழங்கத் திருச்சபை இடம் தருகிறது. நம் மக்களில் பலர் இதை அறியார். அந்த வீட்டில் அதை வழங்கினேன். பதினோராம் மாதத்தில் ஒரு விடியற்காலையில் அவள் இறந்தாள். வெண்ணிற உடை அணிந்து அடக்கத் திருப்பலி நிறைவேற்றினேன். குற்றமறியாக் குழந்தைக்காகப் பாவமன்னிப்பு மன்றாட்டு தேவையில்லை என்பதால் பெற்றோருக்காக மட்டுமே மன்றாடினேன். இம்முறை மறையுரையில் மலர் இல்லை, தோட்டம் இல்லை. இயேசு தம் நண்பனின் கல்லறை முன் அழுதார் என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டேன்.

திருமுழுக்குக்கு முன்னரே இறந்த குழந்தைகளைப் பற்றிக் கலங்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். அவர்களும் மீட்படைவார்கள் என நம்பத் தக்க காரணங்கள் உண்டு என்று 2007இல் வெளியான அனைத்துலக இறையியல் ஆணையத்தின் ஆவணம் எடுத்துரைக்கிறது. இருண்ட ஓர் இடத்தில் தன் பிள்ளை தவிக்கிறது என்று எந்தத் தாயும் இனி அஞ்ச வேண்டியதில்லை.

ஓராண்டுக்குப்பின் அந்தத் தாய் மீண்டும் வந்தார். அடுத்த குழந்தை பற்றி எண்ணுமுன் இருவரும் மரபணுச் சோதனை செய்துகொள்வது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "சோதனையில எங்கிட்டதான் குறைன்னு வந்துட்டா, என்னை வீட்டைவிட்டு அனுப்பிடுவாங்க சாமி" என்றார். அறிவதற்கு அவர் அஞ்சவில்லை. அந்த அறிவு யார் கையில் ஆயுதமாகும் என்பதற்கே அஞ்சினார். அடுத்து ஒரு குழந்தை அதே பழுதோடு பிறந்தால், பிறந்த நாள் முதல் படம் எடுத்துக் கண்காணித்து, கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே காண முடியும். அறிவு அதற்காகவே. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அது பயன்படுமானால், குறை மரபணுவில் இல்லை, நம்மில் இருக்கிறது.

கணவரையும் இரு வீட்டுப் பெரியவர்களையும் பங்கு இல்லத்திற்கு வரவழைத்தேன். முடிவு எதுவானாலும் அது ஒருவர்மேல் பழியாகாது என்று எல்லாரும் என்முன் வாக்களித்த பிறகே சோதனைக்கு அனுப்பினேன். முடிவு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். அதைச் சொல்லப்போவதில்லை. அது அவர்கள் இருவருக்கு மட்டுமே உரியது. அன்று அந்தத் தாய், "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்கவில்லை. "எப்பப் போகலாம்?" என்று கணவரிடம் கேட்டார். அவர், "நாளைக்கே போலாம்" என்றார்.